எரிபொருள் கியூஆர் மாதிரி அரிசிக்கும் மருந்துக்கும் வேண்டுமா?

கொம்பியூட்டர்காரன் (திரி தொடங்கியவர்):
இலங்கையில் 2022 ஜூலை 16 இல் தேசிய எரிபொருள் அட்டை அறிமுகமானது. இலக்கத்தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்துப் பெற்றோல் அடிக்கும் முறை அந்த மாதக் கடைசியோடு போய், ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து நாடு முழுக்க அந்த அட்டையின் கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணித்தான். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வாகனத்தின் செசி இலக்கம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தரவோடு பொருந்தினால்தான் பதிவு. அதுவரைக்கும் காசுள்ளவன் நாலு பெற்றோல் ஷெட்டில் நாலு தரம் அடித்துக் கானில் பதுக்கிக்கொண்டிருந்தான். பிறகு அது அவ்வளவு சுலபமாக இல்லை. கிலோமீற்றர் கணக்கில் நின்ற வரிசையும் சில கிழமைகளில் கரைந்தது.

இதே மாதிரி அரிசி, மருந்து, உரம் மூன்றுக்கும் இப்போதே ஒரு கணினித் தளம் கட்டி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அடுத்த நெருக்கடி வந்தபிறகு ஓடித் திரிவதில் பயனில்லை. 2024 டிசம்பரில் 'நாடு' என்ற வகை அரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை போட்டார்கள், கடையில் அரிசியைக் காணோம். எந்த ஆலையில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஒன்றரை லட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்குமதி செய்துதான் சமாளித்தோம்.

சாவகச்சேரி லொறி:
தம்பி, வரிசை கரைந்தது கியூஆரால் என்று யார் சொன்னது? 2022 ஜனவரியில் 177 ரூபாய் விற்ற பெற்றோல் ஜூன் கடைசியில் 470. அந்த விலைக்கு எங்கள் ஊரில் பாதிப் பேர் சைக்கிளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். தட்டுப்பாட்டுக்குக் காரணம் டொலர் இல்லாதது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம் என்று அறிவித்த நாட்டுக்கு எவன் கடனுக்குக் கப்பல் அனுப்புவான்? ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று மூடிவிட்டார்கள். அந்த நேரம் கியூஆர் இருந்திருந்தால் எதை ஸ்கேன் பண்ணியிருப்பீர்கள்?

இன்னொன்று. லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர் தந்தார்கள். சாவகச்சேரியிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வர நானூறு கிலோமீற்றருக்கு மேல். பாரம் ஏற்றிய லொறி லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம். ஒரு தரம் போய்வரவே காணாது. தோட்டத்தில் பீற்றூட் முற்றிக்கொண்டு கிடக்க, கிழமை எப்போது மாறும் என்று லொறியை நிழலில் விட்டுக்கொண்டு இருந்தோம். உங்கள் தளத்துக்கு லொறி என்றால் லொறி. மணல் ஏற்றுகிறதா மரக்கறி ஏற்றுகிறதா என்று அதற்கு ஒரு கவலையும் இல்லை.

கொம்பியூட்டர்காரன்:
அண்ணை, 50 லீற்றர் என்று முடிவெடுத்தது ஆட்கள். தளம் எடுக்கவில்லை. மரக்கறி லொறிக்கு 120 என்று போடச் சொல்லியிருந்தால் ஒரு மணித்தியால வேலை. கடதாசிக் கூப்பனில் அதை மாற்ற எத்தனை நாள் என்று யோசியுங்கள்.

டொலர் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. டொலர் இல்லாத நேரத்தில் வந்த ஒரு கப்பலை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் கேள்வி. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி கிழமைக் கோட்டாவை நிறுத்தும்வரை ஒவ்வொரு ஷெட்டிலும் எவ்வளவு போனது என்ற கணக்கு கையில் இருந்தது. அதற்கு முன் அப்படி ஒன்று நம்மிடம் இருந்ததா?

கடற்கரையான்:
நீங்கள் ரெண்டு பேரும் பெற்றோலைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் படகுக்கு மண்ணெண்ணெய். அந்த அட்டையில் எங்களுக்கு இடமே இல்லை, சங்கத்தால் வந்தால்தான் உண்டு. வராத கிழமை கடலும் இல்லை. அப்புறம் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ஆக்கினார்கள். அதற்கும் ஒரு செயலி இருக்கிறதா தம்பி?

பாமசிக்காரி:
மருந்து என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். அரச ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன், எது என்று கேட்க வேண்டாம்.

மருந்துக் கையிருப்பைப் பார்க்க ஏற்கெனவே ஒரு கணினி முறை இருக்கிறது. 2022 மார்ச்சில் பேராதனை ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியபோதும் அது இருந்தது. ஆக, முறை இல்லாததால் வந்த வினை என்று சொல்ல ஏலாது. நமக்கு வேண்டிய மருந்தில் பெரும்பங்கு இறக்குமதி. காசு இல்லையென்றால் திரையில் சிவப்பாக ஒரு வரி தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் லொறி அண்ணை சொல்வது போல ஒன்றுமே பயனில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து நம்மவர்கள் பெட்டி பெட்டியாக மருந்து அனுப்பினார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது மயக்க மருந்தும் தையல் நூலும். வந்ததில் விற்றமின் குளிசைதான் கனக்க. திகதி முடிய இரண்டு மாதம் உள்ள பெட்டிகளும் கிடந்தன. காரணம் என்ன? தேவைப்பட்டியல் ஒரு எக்செல் தாளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் திருத்தினால் மற்றவரிடம் பழையது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து மிஞ்சிக் கிடந்ததை, எங்கள் சாரதி அங்கே வேறு வேலைக்குப் போய் வந்து சொல்லித்தான் அறிந்தோம். இதைத் தீர்க்கப் பெரிய தளம் தேவையில்லை. எந்த ஆஸ்பத்திரியில் எது, எவ்வளவு, எந்தத் திகதி வரை என்று எல்லாருக்கும் ஒன்றாகத் தெரிந்தால் போதும். நோயாளியிடம் கியூஆர் கேட்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

சாவகச்சேரி லொறி:
தங்கச்சி சொல்வது நியாயம். ஆனால் அந்தத் தரவை எங்கே வைப்பார்கள்? 2023 ஓகஸ்டில் அரச தரவை வைக்கும் கிளவுட்டில், தரவைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரன்சம்வெயர் புகுந்து மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச மின்னஞ்சல்கள் அப்படியே போயின. பின்பிரதி இல்லை. அமைச்சரவை அலுவலகத்தின் மெயிலுக்கே அந்த நிலை. என் வீட்டுத் தோட்டக் கணக்கைக்கூட மனிசி ரெண்டு கொப்பியில் எழுதி வைக்கிறா.

பாமசிக்காரி:
அதற்கு முதலே நடந்ததுதான் எங்களுக்கு இன்னும் வலிக்கிறது. 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவு அதே கிளவுட்டிலிருந்து அழிந்தது. எந்த மருந்து, எந்தக் கம்பனி, எந்தப் பரிசோதனை என்ற பதிவு ஆவணங்கள். அது இல்லாமல் தரமான மருந்து எது, தண்ணி எது என்று எப்படிப் பிரிப்பது?

கொம்பியூட்டர்காரன்:
இரண்டும் நிர்வாகக் கவலையீனம். பழைய மென்பொருள், பின்பிரதி எடுக்காத பழக்கம். அதற்காகக் கொப்பிக்குத் திரும்புவோம் என்பது சரியா? கொப்பியிலும் என்னென்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2022 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் வந்தன, மொத்த ஒதுக்கீட்டில் அரிசி மட்டும் 40,000 தொன். விதானையாரின் (கிராம அலுவலரின்) கடதாசிப் பட்டியலில்தான் பங்கிட்டார்கள். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஊர் ஊராக அடிபாடு.

சாவகச்சேரி லொறி:
அடிபாடு வந்தாலும் விதானையார் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம். சேர்வரிடம் எந்த வாசலில் நிற்பது? ஷெட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். பம்ப் அடிக்கிற பொடியன் தன்னுடைய சொந்தப் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுகிறான். கரண்ட் இல்லை, டவரும் செத்துப் போச்சு. கடைசியில் சிகரெட் பெட்டியின் அட்டையில் வாகன நம்பரை எழுதி வைத்துவிட்டு அடித்தான், பிறகு பதிவாராம். அந்தக் கிழமை சிலர் ரெண்டு தரம் அடித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். இன்னும் சிலருக்கு வாகனம் முந்தின சொந்தக்காரர் பெயரிலேயே கிடந்தது. அவர் கனடாவில். ஓடுகிறவனுக்குக் கோட்டா எடுக்கப் பட்ட பாட்டை நீங்கள் கொழும்பில் இருந்துகொண்டு கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

கொம்பியூட்டர்காரன்:
கேள்விப்பட்டேன் அண்ணை, எங்கள் ஒழுங்கையிலும் அதே கதை. இணையம் இல்லாதபோதும் பதிந்து வைத்துப் பிறகு ஏற்றும் வசதி போடலாம். போடாதது குறைதான். ஆனால் அரிசிக் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆலைகளில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு இறக்குமதி செய்வது? குறைத்தால் விலை ஏறும், கூட்டினால் அறுவடை நேரம் கமக்காரன் அழுவான்.

கடற்கரையான்:
ஆலைக்காரன் உள்ளதைச் சொல்லுவான் என்று நினைக்கிறீர்களோ?

கொம்பியூட்டர்காரன்:
சொல்லத் தேவையில்லை. நெல் குத்தக் கரண்ட் வேண்டும். ஆலையின் மின்பட்டியலையும் அவர் காட்டும் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் பெரிய பொய் தெரிந்துவிடும். புதிதாக ஒரு கருவியும் வாங்க வேண்டாம். இருக்கிற இரண்டு தரவை ஒன்றோடொன்று பேச வைத்தால் சரி.

பாமசிக்காரி:
குத்தின அரிசிக்கு அது சரிவரும். குத்தாமல் களஞ்சியத்தில் பூட்டி வைத்த நெல்லுக்கு மீட்டர் ஓடாதே.

சாவகச்சேரி லொறி:
அதைத்தான் கேட்க வந்தேன், தங்கச்சி முந்திவிட்டா. பதுக்குகிறவன் குத்த மாட்டான். தம்பி, உங்கள் தளத்துக்குப் போகிற காசில் பாதியை நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுங்கள். கிளிநொச்சியில் அறுவடை நேரம் நேரத்துக்குக் காசு கொடுத்து நெல்லை வாங்கி அரச களஞ்சியத்தை நிரப்பட்டும். விலை ஏறும்போது திறந்து விடட்டும். எத்தனை மூட்டை போனது, எத்தனை வந்தது என்று வாசலில் நீங்கள் கியூஆர் ஒட்டுங்கள், நான் மறிக்க மாட்டேன்.

கொம்பியூட்டர்காரன்:
களஞ்சியத்தை நிரப்பக் காசு எங்கே என்று முதலில் சொல்லுங்கள், பிறகு கியூஆரைப் பற்றிக் கதைப்போம்.