அலுவலகக் கட்டடத்துக்கு அலுமினிய கிளாடிங்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர்களுக்கும் வரவேற்புக் கூடத்துக்கும் அலுமினிய கிளாடிங் (சுவர்மேல் பொருத்தும் உறைப் பலகைகள்) அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்களைப் பறித்த தீ, இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே எளிதில் தீப்பற்றும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் உள்ளடுக்கு கொண்ட பலகைகள் வழியே பரவியதை அறிந்திருப்பதால், அவ்வகையை உள்ளேயும் வெளியேயும் தவிர்ப்பதில் உறுதியாக இருக்கிறேன். எரியாத கனிம உள்ளடுக்குப் பலகையா, 3 மி.மீ. திட அலுமினியத் தகடா என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை. 3 மீட்டர் நீளத் தகடு 50 டிகிரி செல்சியஸ் வெப்ப வேறுபாட்டில் சுமார் 3.5 மி.மீ. நீளும் என்பதால், இணைப்புகளில் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? பழைய கட்டடம் ஒன்றில் சிலிகோன் பசையால் அடைத்த இணைப்புகளுக்குக் கீழே கறுப்புக் கோடுகள் வழிந்திருப்பதை நேரில் பார்த்தேன். இடைவெளியை அடைக்காமல் விடும் திறந்த இணைப்பு அதைத் தவிர்க்குமா? கூடத்தில் எதிரொலியைக் குறைக்கத் துளையிட்ட தகடுகளைப் பொருத்தியவர்கள், பின்புறம் எதை வைத்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.