மறு: 'ரீஜனல் ஐடென்டிட்டி' – வட்டாரத் தன்னுணர்வு

நண்பர்களே,

'ரீஜனல் ஐடென்டிட்டி' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில், 'பிராந்தியவாதம்' வேண்டாம் என்பவர்கள் பக்கம்தான் நானும். அது குற்றச்சாட்டாகவே புழங்குகிறது. யாரும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. 'வட்டாரப் பற்று' நல்ல சொல்தான், ஆனால் பற்று தானாக வருவது. நாம் பெயர் தேடுவதோ சிலர் எழுதி, அச்சடித்து, ஊர் ஊராகப் பேசி உண்டாக்கிய ஒன்றுக்கு.

கர்நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுக்கு முன் கன்னடம் பேசுவோர் மைசூர், பம்பாய், சென்னை, ஐதராபாத், குடகு என்று பிரிந்து கிடந்தார்கள். பம்பாய் மாகாணத்துத் தார்வாடில் மராத்தியின் கை ஓங்கியிருந்தது. அங்கேதான் 1890இல் கன்னட வளர்ச்சிக்காகக் கர்நாடக வித்யாவர்த்தக சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தில் உழைத்த ஆலூர் வெங்கட ராவ் 1917இல் 'கர்நாடக கத வைபவ' (கர்நாடகத்தின் கடந்தகாலப் பெருமை) என்ற நூலை எழுதினார். சாளுக்கியர், ராஷ்டிரகூடர், விஜயநகரம் என்று அவர் தொடுத்துக் காட்டியபோது, வெவ்வேறு ஆட்சிகளில் வரி கட்டியவர்களுக்குப் பொதுவாக ஒரு வரலாறு கிடைத்தது. அப்போது அப்படியொரு மாநிலமே கிடையாது. கன்னடப் பகுதிகள் 1956இல் மைசூர் மாநிலமாக இணைந்தன. கர்நாடகம் என்ற பெயர் 1973இல்தான் வந்தது. புத்தகம் முந்தி, மாநிலம் பிந்தி!

இந்த உணர்வுக்கு ஆலூர் வைத்த பெயர் 'கர்நாடகத்வ'. விடுதலைப் போராட்டத் தலைவர் திலகர் எழுதிய பகவத்கீதை விளக்கமான கீதா ரகசியத்தைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இந்தியப் பற்றுக்கு எதிராக அவர் இதை நிறுத்தவில்லை. 'வாதம்' என்று முடித்தால் இல்லாத சண்டையைச் சொல்லுக்குள் நாமே புகுத்திவிடுவோம்.

அதனால் என் பரிந்துரை 'வட்டாரத் தன்னுணர்வு'. நாம் இன்னார் என்று உணர்வதும், அதை ஒருவர் உணர்த்த முடியும் என்பதும் இதில் அடங்குகின்றன. வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம் அளவுக்குச் சுருங்கிவிடாதா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதிக்குப் பிறகு அந்தச் சொல்லுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. 'மண்டலம்' என்றால் மின்வாரியமும் போக்குவரத்துக் கழகமும்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், இந்த உணர்வை எழுதியும் பேசியும் உண்டாக்குபவர்களை 'அறிவுஜீவிகள்' என்றால் அதிலும் இன்று கேலி ஏறிவிட்டது. 'அறிவாளர்' போதும். இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு வரையறை வைக்கிறேன், திருத்துங்கள்:

வட்டாரத் தன்னுணர்வு – ஒரு நிலப்பகுதியின் மக்கள் தம்மைப் பொதுவான மொழி, வரலாறு, வழக்காறு உடையவர்களாக உணர்தல். அறிவாளர்களின் எழுத்தாலும் அமைப்புகளாலும் உருவாகி நிலைபெறுவது.