ஆசிட் இசைக்குத் தமிழ்ச்சொல்: குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

மடல் 1, நாகர்கோவில்

குழுவினருக்கு வணக்கம். புதிதாக வெளிவரும் மின்னணு நடன இசைத்தட்டுகளுக்குத் தமிழில் அறிமுகம் எழுதி, எங்கள் கேட்போர் வட்டம் ஒரு குறிப்பேடு அச்சிடுகிறது. வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும்.

பெருநிறுவனங்களுக்கு வெளியே சிறிய அளவில் வெளிவரும் இசையைக் குறிக்கும் 'அண்டர்கிரவுண்ட்' என்பதை நிலத்தடி என்று எழுதினால் நீர்மட்டம்தான் நினைவுக்கு வருகிறது. எனவே சிற்றிதழ் என்ற சொல்லின் வழியில் 'சிறுபதிப்பு' என்று வைத்துக்கொண்டேன். பால்கன் வைனில் நிறுவனத்தின் 'ஐ லவ் ஆசிட்' வரிசையில் ஒவ்வொரு தட்டும் 303 படிகளே வெளிவருவதால் அச்சொல் பொருந்தவும் செய்கிறது. சிக்கல், டிபி-303 என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலியை மையமாகக் கொண்ட நடன இசைவகையின் பெயரான 'ஆசிட்' என்பதில்தான் இருக்கிறது. 'அமில இசை' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. ஆசிரியர் ஐயா வழிகாட்ட வேண்டும்.

மடல் 2, மார்த்தாண்டம்

தம்பிக்கு வாழ்த்து. அமிலம் வடமொழியின் 'அம்ல' என்பதன் வழிவந்தது; தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் காடி இருக்கிறது, அறிவியல் எழுதுவோர் சிலர் அதையே ஆள்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. அந்த டிபி-303 கருவியின் உயிர்நிலை அதன் வடிப்பான், அதாவது ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் உறுப்பு (ஃபில்டர்) என்று முன்பொரு மடலில் எழுதியிருந்தீர்கள். கானல்வரியில் மாதவி யாழ் மீட்டும் இடத்தில் இளங்கோவடிகள் 'வார்தல் வடித்தல் உந்தல் உறழ்தல்' என்று தொடங்கி எட்டு இசைக்கரணங்களை அடுக்குகிறார். அவற்றுள் இரண்டாவதாக வடித்தல் நிற்கும்போது, நாம் ஏன் வேறெங்கோ போய்ச் சொல் தேட வேண்டும்? 'வடியிசை' என்பது என் முன்மொழிவு. வடிதல், வடித்தல், வடிவு, வடிகட்டல் ஆகிய அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்பதையும் விரிவாக எழுத எண்ணியுள்ளேன்.

மடல் 3, தக்கலை, ஒலிப்பதிவுக் கூடம்

ஐயாவின் சொல் அழகானது. ஆயினும் அந்த வடித்தல் நரம்பை விரலால் ஆராய்வது, இந்த வடித்தல் ஒலியின் மேற்பகுதியை அடைப்பது. தவிரவும் வடிப்பான் இல்லாத மின்னணு இசைக்கருவி அரிது. எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்பை ஒரு வகைக்கு மட்டும் பெயராக்க முடியாது.

ரோலண்ட் நிறுவனம் டிபி-303 கருவியை 1981இல் வெளியிட்டது, தனியே கிட்டார் வாசிப்பவருக்கு பேஸ் கிட்டார்க்காரரின் இடத்தை நிரப்புவதற்காக. அது விலைபோகாமல் 1984இல் உற்பத்தி நின்றது. பழைய கருவிகள் மலிவாகக் கிடைத்ததால் சிகாகோவின் ஃப்யூச்சர் குழுவினர் கைக்கு ஒன்று வந்தது. பதினாறு படிகள் கொண்ட ஒரே சுரவரிசையை ஓடவிட்டு, அது ஓடும்போதே குமிழ்களைத் திருகினார்கள். 1987இல் வெளிவந்த 'ஆசிட் டிராக்ஸ்' அப்படிப் பிறந்தது. குமிழைத் திருகும்போது சுரம் மாறுவதில்லை. மூடிய வாயில் 'உ' என்று தொடங்கிய ஒலி மெல்ல 'ஆ'வாகத் திறக்கிறது. வடிப்பானின் ஒத்ததிர்வை (ரெசொனன்ஸ்) ஏற்றிவிட்டால் அந்தத் திறப்பே ஒரு விசிலாகக் கூர்மை பெறுகிறது. அடுத்தடுத்த சுரங்களை வழுக்கி இணைக்கும் வசதியும் அதில் உண்டு. நம் காதுக்கு அது கமகத்தின் பக்கத்து வீட்டுக்காரன்.

இதே கருவியைக் கொண்டு மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இலேயே பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்துவிட்டார் என்பதை மறக்கலாகாது. அந்தத் தட்டில் ஒலி இருக்கிறது, ஆசிட் என்ற பெயர் இல்லை. ஆகவே ஒலியைச் சொல்லும் சொல்லே வேண்டும்: 'நெளியிசை'.

மடல் 4, குலசேகரம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் ஆசிட் என்றால் ரப்பர்தான். பாலை டிஷ்ஷில் ஊற்றி, தண்ணீரில் ஆசிட் சேர்த்துக் கலந்து, உறைந்தபின் மறுநாள் ஷீட் அடிக்கிறோம். அது வீட்டுச் சொல். அமிலம் என்று எழுதினாலோ, பாடநூலும் செய்தித்தாளில் படிக்கும் அமில வீச்சும் சேர்ந்தே வருகின்றன. பெண்பிள்ளைகள் படிக்கும் குறிப்பேட்டில் அச்சொல்லை இசையோடு ஒட்டவைப்பதை நான் ஏற்கமாட்டேன். காடி என்றால் புளித்த கஞ்சி. நெளியிசையை எந்தக் கடையில் கேட்டாலும் தட்டு கிடைக்காது, எந்தத் தேடலிலும் பாட்டு வராது. சிகாகோவில் ரான் ஹார்டி என்ற டிஜே 'ஆசிட் டிராக்ஸ்' பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டபோது ஆடியவர்களே ஆசிட் என்று அழைத்தார்கள் என்கிறார்கள். ஆடியவர்கள் இட்ட பெயரை நாம் மாற்ற வேண்டுமா, ஐயா?

மடல் 5, மார்த்தாண்டம்

அம்மையார் அமில வீச்சைப் பற்றிச் சொன்னது நெஞ்சில் தைத்தது. அமில இசையை இனி யாரும் முன்மொழிய வேண்டாம். பிறமொழிச் சொல்லை ஏற்பதிலும் எனக்குத் தடையில்லை. வடசொல்லுக்குத் தொல்காப்பியர் 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுக, என்று வகுத்த நெறி இதற்கும் ஆகும். ஆனால் நெறி என்றால் முழுதும் நெறி. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. எனவே 'ஆசிட்டு', புணர்ந்தால் 'ஆசிட்டிசை'. குலசேகரத்தில் பால் உறைய வைப்பவர் நாவிலும் டகர மெய்க்குப் பின் ஓர் உகரம் ஒலிக்கிறது, கேட்டுப் பாருங்கள். தொல்காப்பியத்தைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசான் பிறந்த மண் என்று நாம் பெருமைப்படும் மாவட்டத்தில் அச்சாகும் ஏட்டில், இந்த ஓர் உகரத்தை விட்டுவிடலாமா?

மடல் 6, தக்கலை

ஐயா, ஆசிட்டிசை என்று தலைப்பிட்டால் படிப்பவர் ஒருமுறை நின்று பிரித்துப் பார்த்துத்தான் மேலே போவார். வகையின் பெயர் ஆசிட்டாகவே இருக்கட்டும். ஒலியை விவரிக்கும் இடத்தில் 'நெளிவு' என்ற சொல்லையாவது விட்டுக்கொடுங்கள்.

மடல் 7, நாகர்கோவில்

நால்வரில் மூவர் 'ஆசிட் இசை' என்பதற்கு இசைந்திருக்கிறோம். ஒலிக்கு நெளிவு, கருவியின் உறுப்புக்கு வடிப்பான், வெளியீட்டுக்குச் சிறுபதிப்பு. சுரங்களை வழுக்கி இணைப்பதற்குச் சொல் அமையவில்லை. அந்த இடத்தில் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். ஐயாவின் மறுப்பை அடிக்குறிப்பாக, உகரத்தோடு சேர்த்தே அச்சிடுகிறோம்.

மடல் 8, மார்த்தாண்டம்

அடிக்குறிப்புக்கு நன்றி, தம்பி. வடித்தல் பற்றிய கட்டுரையைத் திங்களன்று அனுப்புகிறேன்.