சிப்பிப்பாறையா, லாப்ரடாரா? முதியவரும் கோழிகளும் உள்ள வீட்டுக்கு எந்த நாய் பொருந்தும்?

பாளையங்கோட்டைவாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்களுக்குத் தனி வீடு. சுற்றுச்சுவர் 4 அடி உயரம். நான், மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், 76 வயதான என் தாயார் ஆகிய நால்வர் இருக்கிறோம். சென்ற ஆண்டு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து தாயார் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். அவர் வளர்க்கும் ஆறு நாட்டுக் கோழிகள் பகல் முழுவதும் முற்றத்தில் மேயும். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை வீட்டில் அவர் மட்டுமே இருப்பார்.

மகள் லாப்ரடார் கேட்கிறாள். கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் என் மாமனாரோ, பிறந்து நாற்பது நாளான சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைப் பணம் வாங்காமல் தருவதாகச் சொல்கிறார். நம் மண்ணின் நாய், வெயில் தாங்கும், நோய் அண்டாது என்பதால் என் மனம் அந்தக் குட்டியின் பக்கம் சாய்கிறது. வளர்த்து அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கரிசல்காட்டுக்காரர்:
பதினோரு ஆண்டுகளாகச் சிப்பிப்பாறை வளர்க்கிறேன். அந்த இனத்தின் மீது எனக்குள்ள பற்றை யாரும் ஐயுற வேண்டாம். ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாய் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத்தான் தடுத்தது. நாயின் கண்ணுக்குள் இருக்கும் வேட்டையை அதனால் என்ன செய்ய முடியும்? என் முதல் நாய், பக்கத்து வீட்டாரின் மூன்று சேவல்களை ஒரே காலையில் கொன்றுவிட்டது. அதுவரை இரண்டு ஆண்டுகள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அன்று ஒரு சேவல் எதற்கோ மிரண்டு ஓடியதுதான் காரணம். சேவலுக்குப் பணம் கொடுத்துவிட்டேன். பேச்சுவார்த்தை திரும்ப ஓராண்டு ஆயிற்று.

உங்கள் 4 அடிச் சுவரை, வளர்ந்த சிப்பிப்பாறை ஓடிவரக்கூடத் தேவையில்லாமல் தாண்டும். சங்கிலியில் கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பைப் பகல் முழுக்கக் கட்டிப்போட்டால், அது எவரையும் நெருங்க விடாத சிடுசிடுப்பான நாயாகத்தான் வளரும்.

மதுரைக்காரி:
கரிசல்காட்டு ஐயா சொன்னது சரியே. ஆனால் அதனால் லாப்ரடார் தானாகவே பொருந்திவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். சாதுவானது என்று எல்லாரும் சொல்வது வளர்ந்த நாயைப் பற்றி. முதல் இரண்டு ஆண்டுகள் அது முப்பது கிலோ எடையுள்ள ஒரு குழந்தை. கண்டதையெல்லாம் கடிக்கும், வந்தவர் மேலெல்லாம் பாயும். எங்கள் நாய் பத்து மாதக் குட்டியாக இருந்தபோது, அன்பு மிகுதியால் என் மாமியாரின் மீது தாவி அவரைக் கீழே தள்ளிவிட்டது. நல்லவேளை, விழுந்தது கட்டிலின் மேல். அறுவை சிகிச்சை செய்த இடுப்போடு நடக்கும் உங்கள் தாயாரை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, சாப்பாடு. பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்துவதில் பங்குள்ள ஒரு மரபணு, லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் குறைபட்டிருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எங்களுடையது அந்த நான்கில் ஒன்றுதான் என்று பரிசோதனை இல்லாமலே என்னால் சொல்ல முடியும். பகலில் தனியாக இருக்கும் பாட்டி, பாவம் பார்த்து வேளைக்கொரு இட்லி என்று கொடுத்துப் பழக்கினால் ஓராண்டில் நாய் உருண்டுவிடும். நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்கடலில் மீனவர்களோடு நீந்திய நாய்களின் வழி வந்ததால் அதற்கு இரட்டை அடுக்கு முடி. நெல்லை வெயிலில் காலை ஏழு மணிக்குப் பிறகு நடைக்கு அழைத்துச் செல்ல முடியாது.

கால்நடை மருத்துவம் படித்தவர்:
கேள்வியில் உள்ள இரண்டு செய்திகளைத் திருத்த வேண்டும். முதலாவது, நாற்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதற்கு 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் தடை விதிக்கின்றன. விலையின்றிக் கொடுத்தாலும் குட்டியின் தேவை அதேதான். எந்த அளவுக்குக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான்.

இரண்டாவது, நாட்டு நாய்க்கு நோய் அண்டாது என்பது. நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரசும் உண்ணிக் காய்ச்சலும் இனம் பார்ப்பதில்லை. தடுப்பூசி போடாத நாட்டுக் குட்டிகள் எத்தனையோ பார்வோவில் இறக்கின்றன. கிராமத்தில் அவற்றை யாரும் கணக்கில் வைப்பதில்லை என்பதால் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வர வாய்ப்பு அதிகம் என்பதும், சிப்பிப்பாறை போன்ற ஒல்லி நாய்களுக்கு உடலில் கொழுப்பு குறைவு என்பதால் சில மயக்க மருந்துகள் தெளிய நெடுநேரம் ஆகலாம் என்பதும் உண்மை. ஆனால் உங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை இவை அல்ல.

இரண்டில் எதுவானாலும் குட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. குணம் தெரிந்த, நான்கு ஐந்து வயதான ஒரு நாயைத் தேடுங்கள். அது தெரு நாயாக இருந்தாலும் தவறில்லை. தாயாரையும் உடன் அழைத்துச் சென்று பாருங்கள்.

பாளையங்கோட்டைவாசி:
விரிவான பதில்களுக்கு நன்றி. சுவரை 6 அடிக்கு உயர்த்திக் கோழிகளைக் கூண்டில் அடைத்துவிட்டால் சிப்பிப்பாறை சரிப்படுமா?

கரிசல்காட்டுக்காரர்:
சுவரைக் கொத்தனார் உயர்த்திவிடுவார். தினமும் விடியற்காலையில் அதை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று ஓடவிடப்போவது யார்? அதற்குப் பெயர் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

பாளையங்கோட்டைவாசி:
இதே கேள்வியை மனைவியும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கோழியை அடைப்பதானால் நாயே வேண்டாம் என்று தாயாரும் சொல்லிவிட்டார். மாமனாரின் குட்டி அவருடைய தோட்டத்திலேயே வளரட்டும் என்று முடிவு செய்தோம்.

வேறு ஊருக்கு மாற்றலாகிச் செல்லும் ஒரு குடும்பத்தார் தங்களுடைய ஐந்து வயதுப் பெண் லாப்ரடாருக்கு வீடு தேடுவதாக அறிந்து, நேற்று தாயாருடன் சென்று பார்த்தோம். அது வந்து கைத்தடியை முகர்ந்துவிட்டு அவர் காலடியில் படுத்துக்கொண்டது. கோழிகளை அது இதுவரை பார்த்ததில்லையாம். எப்படிப் பழக்குவது?

மதுரைக்காரி:
முதல் இரண்டு வாரம், நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும், வாரைக் கையில் பிடித்தபடி தொலைவிலிருந்து கோழிகளைக் காட்டுங்கள். பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துண்டு கேரட் கொடுங்கள். அதுவரை பகலில் நாய் வீட்டுக்குள், கோழிகள் முற்றத்தில். நடுவே கதவு தாழிட்டிருக்கட்டும். இட்லி விஷயத்தைத் தாயாரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.