குறுகிய வாயில் தக்கை எப்படி நுழையும்?

பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிப் படித்துவருகிறேன். ஓரிடத்தில் புரியாமல் நிற்கிறேன், தெரிந்தவர்கள் உதவுங்கள்.

குழலின் வாயைச் சற்றே குறுக்கி, ரவைகள் (சிறு குண்டுகள்) பரவாமல் நெருங்கிப் போகச் செய்வதுதான் சோக். 12 போர் (bore) என்ற அளவுள்ள குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், முழு சோக் அதில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரைத்தான் குறைக்கிறது. அவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இத்தனை விளைவா என்று வியந்தேன்!

பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கியில் இது சிக்கலில்லை. வாய்வழியே வெடிமருந்தும், அதன்மேல் அடைப்பாகத் தக்கையும், பிறகு ரவையும் நிரப்பும் துப்பாக்கியில்தான் குழப்பம். குறுகிய வாயில் எளிதாக நுழையும் தக்கை, உள்ளே போனதும் தளர்ந்துவிடாதா? வெடிப்பின் அழுத்தம் ஓரமாகக் கசியாதா? குழலுக்குப் பொருந்தும் தக்கையைக் கிழியாமல் எப்படித் திணிக்கிறார்கள்?

வாயை அப்படியே விட்டு, அதற்குச் சற்றுப் பின்னால் உட்புறத்தை அகலமாகக் கடையும் ‘ஜக் சோக்’ இதற்குத் தீர்வு என்கிறார்கள். அதில் சுட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், எந்தத் தக்கை பயன்படுத்தினீர்கள், ரவைகள் எப்படி விழுந்தன என்று விரிவாக எழுதுங்கள்.