வெள்ளைக் கையுறை போட்ட பிறகுதான் என் கை ஆடுவது தெரிந்தது

குதிரைச் சவாரிக்குப் போடும் உடையைப் பற்றி இங்கே ஆளுக்கொரு அனுபவம் சொல்கிறீர்கள். என் பங்குக்கு நானும் சொல்கிறேன்.

நான் டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையை வட்டம், நடை என்று வரிசையான அசைவுகளில் நேர்த்தியாக ஓட்டிக் காட்டும் போட்டிச் சவாரி, பழகத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்த பிறகு. வருடத்துக்கு இரண்டு மூன்று போட்டி, அதுவும் தொடக்க நிலைப் பிரிவில்தான். இதில் எனக்கென்று ஒரு தனி ஆசை உண்டு. குதிரையும் நானும் ஒரே ஜோடி போல உடுத்தி மைதானத்தில் இறங்க வேண்டும். சேணத்துக்கு அடியில் போடும் பேட், குதிரையின் காதுத் தொப்பி, அதன் காலில் சுற்றும் பாண்டேஜ் துணி, என் சட்டை, பெல்ட், காலுறை வரை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். முந்தின நாள் இரவே எடுத்து நாற்காலியில் மடித்து வைத்துவிடுவேன். வைக்கும்போதே ஆபீஸ் நினைப்பு போய் மனசு லாயத்துக்கு ஓடிவிடும்.

முதல் அனுபவம் கசப்பானது. ஒரு தடவை ஆசை ஆசையாகப் பாட்டில் பச்சை நிறத்தில் ஒரு செட் சேர்த்தேன். பேட், காதுத் தொப்பி, பாண்டேஜ், எனக்கு அதே பச்சையில் முழுக்கைச் சட்டை, வெளிர் மணல் நிறத்தில் பிரீச்சஸ் என்கிற சவாரிக் கால்சட்டை, தேன் நிறத் தோல் பெல்ட். ஒரே கடையில் வாங்கியதில்லை. பச்சைக்குப் பச்சை ஒத்துப்போக எட்டு மாதம் தேடினேன். அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், என்னைவிடப் பல வருடம் மூத்த ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சவாரி பண்ண வந்தீங்களா, போட்டோ எடுக்க வந்தீங்களா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று ஒரு வட்டம்கூட உருப்படியாக வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு மாதம் பழைய சாம்பல் நிற பிரீச்சஸ், சாம்பல் டீ ஷர்ட், கைக்குக் கிடைத்த பேட் என்றே போய்வந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. லாயத்துக்குக் கிளம்பும் சந்தோஷம்தான் பாதியாகக் குறைந்துபோனது.

திரும்பப் போட வைத்தவர் என் பயிற்சியாளர். ஒரு நாள் அவரே கேட்டார்: “அந்தப் பச்சைச் சட்டையும் பெல்ட்டும் எங்க? அதப் போட்டுட்டு வாங்க, எனக்கு வேலை சுலபம்.” எனக்குப் புரியவில்லை. மறுநாள் போட்டுக்கொண்டு போனேன். 20 மீட்டர் வட்டத்தில் வலப்பக்கமாகச் சுற்றச் சொல்லி, பின்னாலிருந்து போனில் படம் பிடித்துக் காட்டினார். அடர் பச்சைக்கும் வெளிர் பிரீச்சஸுக்கும் நடுவில் அந்தத் தேன் நிறப் பெல்ட் கோடு போட்டது போலத் தெரிந்தது. கோடு நேராக இல்லை. வலப்பக்க இடுப்பு மடங்கி, விலா எலும்பு கீழே இறங்கி, உட்காரும் எடை முழுக்க இடப்பக்கம் தள்ளிப்போயிருந்தது. நான் என்னவோ குதிரைதான் வட்டத்தை விட்டு வெளியே நழுவுகிறது என்று மாதக்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். சாம்பல் மேல் சாம்பல் போட்டிருந்தால் அந்தச் சாய்வு கண்ணில் பட்டே இருக்காது.

கையுறை விஷயமும் இதே மாதிரிதான். போட்டியில் வெள்ளைக் கையுறை போடுவது பழைய வழக்கம். கை நிலைக்கும் வரை கருப்பு போடுங்கள், தீர்ப்பாளர் கண்ணுக்குத் தப்பும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சியிலேயே வெள்ளை போட ஆரம்பித்தேன். சிட்டிங் டிராட்டில், அதாவது குதிரை துள்ளுநடை போடும்போது சேணத்தை விட்டு எழாமல் உட்கார்ந்தே ஓட்டும்போது, இடது கை அசையாமல் இருக்க, வலது கை ஒவ்வொரு அடிக்கும் ஒரு விரற்கடை மேலே துள்ளுவது வீடியோவில் பளிச்சென்று தெரிந்தது. காரணம் கையில் இல்லை, வலது தொடையில். அதை இறுக்கிப் பிடித்தால் முதுகு இறுகும், முதுகு இறுகினால் அதிர்ச்சி தோள் வழியாகக் கைக்கு வந்துவிடும். தொடையைத் தளர்த்தப் பழக நாலு மாதம் பிடித்தது. முன்பு அதே வட்டத்துக்கு ‘கை நிலையாக இல்லை’ என்ற குறிப்போடு பத்துக்கு 5.5 வாங்கியிருந்தேன். அடுத்த போட்டியில் 6.5 வந்தது, கையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நிறத்தைப் பொறுத்தவரை எனக்குக் கண் திறந்துவிட்டவர் எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். நான் சவாரி செய்யும் குதிரைக்குப் பழுப்பு உடம்பு, கருப்புப் பிடரி, முழங்காலுக்குக் கீழே நாலு காலும் கருப்பு. பச்சைக்கு அடுத்து அடர் நீலத்தில் ஒரு செட் வாங்கிக்கொண்டு போனேன். அவர் பாண்டேஜைக் கையில் வாங்கி, குதிரையின் கால் மேல் வைத்துப் பார்த்தார். “இவனுக்கு நீலம் எடுக்கலம்மா. கருப்புக் கால்ல நீலத்தச் சுத்தினா கால் இருக்கிற எடமே தெரியல. பேட்டுக்கு வேணா நீலம் போடுங்க, காலுக்கு அந்தப் பச்சையே இருக்கட்டும். பக்கத்து லாயத்துல ஒரு செவலைக் குதிரை இருக்கான் பாருங்க, அவனுக்குப் போட்டா இந்த நீலம் அப்படி எடுப்பா இருக்கும்.” உண்மைதான். செந்நிறக் குதிரை மேல் அடர் நீலம் நிற்கிற மாதிரி வேறு நிறம் நிற்பதில்லை. அதே குதிரைக்கு மெரூன் போட்டால் இரண்டு சிவப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

அவர் பாண்டேஜ் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏறக்குறைய மூன்று மீட்டர் துணி, முதலில் ஒரே சீராக இறுக்கிச் சுருட்டி வைத்துக்கொள்வார். காலைக் கையால் தடவி ஒரு துரும்பு, ஒரு மண் துகள் இல்லாமல் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடும். கீழே போய் மேலே திரும்பி வரும்வரை இழுப்பு கூடாது, குறையாது. முடித்ததும் மேல் விளிம்பில் ஒரு விரலை நுழைத்துப் பார்ப்பார். ஓரிடத்தில் இறுக்கம் கூடினாலும் முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுருட்டுவார். காலின் பின்பக்கம் ஓடும் தசைநாணில் ஒரு பக்கமாக அழுத்தம் விழுந்தால் ஆபத்து. “கட்டத் தெரியலேன்னா கட்டாதீங்க. வெயில் நாள்லயும் வேணாம், கால் சூடாகும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அவர் கட்ட விடுவதற்கு மூன்று மாதம் ஆனது. போட்டி மைதானத்துக்குள் பாண்டேஜுக்கு அனுமதி இல்லை என்பதால் அங்கே எங்கள் ஜோடிப் பொருத்தம் காதுத் தொப்பியிலும் பேட்டின் ஓரப் பட்டையிலும் அடங்கிவிடும்.

துவைப்பதில் இரண்டு தடவை சூடு பட்டிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புது மெரூன் பேட்டை அலசாமல் அப்படியே எடுத்துப்போய், ஒருவர் நம்பி ஓட்டக் கொடுத்த வெள்ளைக் குதிரைக்குப் போட்டுவிட்டேன். ஒரு மணி நேர வியர்வையில் சாயம் இறங்கி, சேணத்தைக் கழற்றினால் முதுகு முழுக்க இளஞ்சிவப்பு. மறுநாள் அந்தக் குதிரைக்குப் போட்டி இருந்தது. உரிமையாளர் கோபப்படவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ராத்திரி வரை நின்று தேய்த்துக் குளிப்பாட்டினேன். இப்போதெல்லாம் அடர் நிறம் எதுவானாலும் தனியாக இரண்டு தடவை அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்துச் சாயம் ஒட்டவில்லை என்றால்தான் லாயத்துக்குப் போகும்.

இன்னொன்று, உட்காரும் பகுதி முழுக்க சிலிக்கான் பிடிப்பு உள்ள பிரீச்சஸைத் துணி மென்மையாக்கும் திரவத்தில் முக்கி எடுத்தது. நாலைந்து துவைப்பிலேயே பிடிப்பு வழவழத்துப்போய், சேணத்தில் உட்கார முடியாமல் முன்னும் பின்னும் நழுவினேன். உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், சோப்பு மட்டும் போட்டுத் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். பல வருடம் வரும்.

கடைசியாக ஒன்று. போன போட்டியில் வார்ம்-அப் மைதானத்து ஓரமாக நின்று கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டாக் டையைக் கண்ணாடி இல்லாமல் கட்டுவது எனக்கு இன்னும் கைவரவில்லை. அடர் நீலக் கோட்டு, காலருக்கு ஓரமாக மெல்லிய பச்சைக் கரை, அதே பச்சையில் குதிரையின் காதுத் தொப்பி. எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா கிட்டே வந்து நின்று பார்த்தார். பழைய பேச்சு திரும்ப வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் கரையை விரலால் தடவிப் பார்த்து, “நாங்க ஓட்டின காலத்துல கருப்பு, இல்லேன்னா அடர் நீலம், அதோட சரி. பச்சைக் கரைக்கெல்லாம் ஆசைப்பட்டுட்டு வாயத் தொறக்காம இருந்தோம்மா” என்றார்.

அப்புறம் பேச்சு நீண்டது. டிரெஸ்ஸாஜ் 1912ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து 1948 வரை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான், நாம் போடுகிற கோட்டும் பூட்ஸும் அந்தச் சீருடை வழியில் வந்தவை என்றார். 1952ல் ஹெல்சின்கியில் பொதுமக்களுக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் ஜூபிலி என்ற குதிரையில் அந்த வருடமே வெள்ளி வாங்கினார். ஹார்ட்டலின் படம் ஒன்றை இந்த அம்மா சின்ன வயதில் பத்திரிகையிலிருந்து வெட்டிப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருந்தாராம். உயரமான பட்டுத் தொப்பி ஒன்றும் அவரிடம் இருக்கிறது. அதைப் போட்டு ஓட்ட இனி வழியில்லை. 2012ல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் ஹெல்மெட் போட்டுக்கொண்டே தங்கம் வென்றதைப் பார்த்தபோதே தொப்பியின் காலம் முடிந்தது என்று தெரிந்துவிட்டதாம். 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் ஹெல்மெட் கட்டாயம். “வருத்தமில்ல, தலைதான் முக்கியம். ஆனா மாசத்துக்கு ஒருதரம் எடுத்து பிரஷ் பண்ணி வைப்பேன்” என்றார்.

பேசிக்கொண்டே என் கழுத்துத் துணியை முழுவதும் அவிழ்த்து, பின்னாலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து, முடிச்சைத் தட்டையாக அமுக்கி, இரண்டு நுனியையும் குறுக்காகப் போட்டார். தன் கோட்டிலிருந்து ஒரு சின்ன வெள்ளி ஊசியைக் கழற்றிப் படுக்கைவாட்டில் குத்தினார். செங்குத்தாகக் குத்தினால், விழுந்தால் நெஞ்சில் ஏறிவிடும் என்றார். ஊசியைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். குதிரையில் ஏறி, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெல்ட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்து நேராக உட்கார்ந்து, போட்டி மைதானத்தின் நுழைவாயிலில் இருக்கும் ஏ எழுத்துப் பக்கம் குதிரையைத் திருப்பினேன்.