கடைசி நாளில் நின்றது 300 பேர் மட்டுமா?

வேங்கை: கிரேக்கர்கள் பாரசீகரை எதிர்த்து நின்ற தெர்மோபிலைப் போரில், கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவுக்கு அளவுக்கு மீறிப் புகழ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கி.மு. 480. பாரசீகப் படை மலைப்பாதை வழியாகப் பின்பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் மற்றவர்கள் ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ஸ்பார்ட்டா அரசன் லியோனிடசும் அவருடைய 300 பேரும் மட்டும் சாகத் துணிந்து நின்றார்கள். இதில் எங்கே அளவு மீறியது?

பழைய ஏடு: எழுதியவன் நான்தான். உங்கள் "மட்டும்" மீதுதான் எனக்கு வழக்கு. தெஸ்பியா ஊர்க்காரர்கள் 700 பேர் என்ன ஆனார்கள்? லியோனிடசை விட்டுப் போகமாட்டோம் என்று நின்று, அங்கேயே செத்தார்கள். தலைவன் பெயர் டெமோஃபிலஸ். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். 700 பெரிதா, 300 பெரிதா?

வேங்கை: போரைத் தலை எண்ணியா அளப்பது? தலைமை யாருடையது, அரசன் யாருடையவன்? ஸ்பார்ட்டாக்காரன் சின்ன வயதிலிருந்தே போருக்கென்று வளர்க்கப்பட்டவன். உங்கள் தெஸ்பியாக்காரன் ஏர் பிடித்தவன்.

பழைய ஏடு: ஏர் பிடித்தவன் செத்தால் கணக்கில் வராதா? அது சின்ன ஊர். 700 பேர் என்றால் கவசம் போட்டுச் சண்டைக்கு வரக்கூடியவர்கள் அநேகமாக எல்லோரும். அப்புறம் பாரசீக மன்னன் செர்க்செஸ் வந்து அந்த ஊரையே கொளுத்தினான். மறு ஆண்டு பாரசீகரோடு மோதிய பிளாட்டியா களத்துக்கு மிச்சமிருந்த 1,800 பேர் வந்தார்கள், கனரகக் கவசம் இல்லாமல். ஸ்பார்ட்டாவில் ஒரு கூரையாவது எரிந்ததா?

தூயதமிழ்: ஹெரோடோட்டஸ் அன்று, எரோடோட்டசு. கிரந்த எழுத்தை விடமுடியாதவர்கள் வரலாறு பேச வந்துவிடுகிறார்கள்.

நெல்லைக்காரன்: ஐயா, எழுத்துச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் இன்னொரு கிரேக்க நகரமான தீப்ஸின் ஆட்கள் 400 பேரும் இருந்தார்களே, அவர்களை ஏன் இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள்?

பழைய ஏடு: கையை நீட்டிச் சரணடைந்தவர்கள். செர்க்செஸ் அவர்களுக்கு அரச முத்திரையைச் சூடு போட்டான். அவர்களைக் கொண்டுபோய் 700 பேரோடு சேர்க்காதீர்கள்.

நெல்லைக்காரன்: லியோனிடஸ் அவர்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்தார் என்பதும் அதே ஹெரோடோட்டஸ் சொன்னதுதான். பிணை என்றால், கிளம்பிப்போன மற்றவர்களோடு அனுப்பியிருக்கலாமே என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கேட்டார். பதில் உண்டா?

பழைய ஏடு: புளூட்டார்க் கைரோனியா ஊர்க்காரர், தீப்ஸ் இருக்கும் அதே பியோஷியா மண். சொந்தச் சீமைக்காரனை விட்டுக்கொடுப்பாரா?

நெல்லைக்காரன்: தெஸ்பியாவும் அதே பியோஷியாதான் சார்.

பழைய ஏடு: ஆமாம். கி.மு. 423இல் அந்தத் தெஸ்பியாவின் மதிலை இடித்தது யார்? உங்கள் தீப்ஸ். ஒரே சீமை என்று என்னிடம் வராதீர்கள்.

வேங்கை: இவருக்கு ஸ்பார்ட்டா என்றாலே ஆகாது. போன மாதம் மாரத்தான் ஓட்டம் பற்றிய இழையிலும் இதே கதைதான். மறக்கவில்லை.

பழைய ஏடு: நானும் மறக்கவில்லை. மாரத்தானில் பாரசீகரோடு சண்டை வருமுன் ஏதென்ஸ் தூதன் பிலிப்பிடெஸ் ஓடியது ஸ்பார்ட்டாவுக்கு, உதவி கேட்டு. பௌர்ணமி வராமல் புறப்பட முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். சண்டை முடிந்தபின் 2,000 பேர் வந்து, விழுந்து கிடந்த பாரசீகர்களின் பிணங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இதில் எது பொய்? அன்றைக்கும் பதில் சொல்லாமல்தான் போனீர்கள்.

வேங்கை: அது அவர்கள் சமய விதி. விதியை மீறாதவனைக் கோழை என்பீர்களா?

கடலோடி: 300, 700 என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறீர்கள். ஸ்பார்ட்டாவின் ஹெலட் அடிமைகளும் அங்கே செத்துக் கிடந்தார்கள். செர்க்செஸ் தன் கடற்படையினரைக் களத்தைப் பார்க்கக் கூப்பிட்டபோது, பார்த்தவர்கள் எல்லாப் பிணமும் ஸ்பார்ட்டாக்காரர், தெஸ்பியாக்காரர் என்றே நினைத்தார்களாம். அடிமைகளை யாரும் எண்ணவே இல்லை.

பழைய ஏடு: ஹெலட்டுக்குப் போகவும் நிற்கவும் உரிமை கிடையாது. தெஸ்பியாக்காரனுக்கு இருந்தது. போகலாம் என்று வழி திறந்திருந்தும் நின்றான், அதுதான் என் பேச்சு. கடைசியில் ஈட்டி ஒடிந்து, வாள் போய், ஒரு சின்னக் குன்றின்மேல் கையாலும் பல்லாலும் சண்டை போட்டார்கள். 1939இல் அங்கே தோண்டியபோது வெண்கல அம்புமுனைகள் குவியலாகக் கிடைத்தன. அந்த அம்புகள் ஸ்பார்ட்டாக்காரன் எவன் என்று பார்த்தா குத்தின? லியோனிடசுக்கு 1955இல் சிலை வைத்தார்கள். தெஸ்பியாவின் 700 பேருக்கு நினைவுச் சின்னம் வந்தது 1997இல்தான்.

வேங்கை: சிலை முதலில் யாருக்கு வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

தூயதமிழ்: லியோனிடசு, செர்க்செசு. இன்னும் யாரும் திருத்தவில்லை.

நெல்லைக்காரன்: தீப்ஸ் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழைய ஏடு: வேங்கை, முதல் பதிவில் "மட்டும்" இன்னும் இருக்கிறது. எடுங்கள்.

வேங்கை: எடுக்கமாட்டேன்.

பழைய ஏடு: 700.